வயிற்றில் குழந்தை வளரவில்லை என்றால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக வேலை பார்த்தவள் நான். எடை குறைந்து பிறந்த குழந்தையின் அம்மாவும் அப்பாவும் பாட்டியும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கேட்கும் கேள்விகள் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்கும் விதத்திலேயே எடுத்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் ஸ்கேன் தாளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். அவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்பது என்று தெரியாமல் தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடாமல் இருக்க இது உதவட்டும்.

ஸ்கேனில் "வளர்ச்சி குறைவு" என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு என்ன பொருள்?

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறிய குழந்தை வேறு, வளர்ச்சி தடைபட்ட குழந்தை வேறு. கர்ப்பத்தின் ஒரே வாரத்தில் இருக்கும் நூறு குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து முதல் பத்துக்குள் வருபவரைச் "சிறியவர்" என்கிறார்கள். அந்தப் பத்துப் பேரில் பலர் பரம்பரையாகவே சிறியவர்கள், நன்றாக இருப்பார்கள். மற்றவர்கள் வளர வேண்டிய அளவுக்கு வளர முடியாமல் தடுக்கப்பட்டவர்கள். மருத்துவர்கள் ஐ.யூ.ஜி.ஆர். என்றும் இப்போது எஃப்.ஜி.ஆர். என்றும் சொல்வது இவர்களைத்தான்.

எப்படிப் பிரித்து அறிவது? எடை கீழிருந்து முதல் மூன்றுக்குள் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. ரத்த ஓட்டத்தில் மாற்றம் தெரிந்தாலும், சென்ற ஸ்கேனில் நடுவில் இருந்த குழந்தை இந்த ஸ்கேனில் சரிந்திருந்தாலும் அப்படியே. ஸ்கேன் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்பின் இருக்கும். அதனால் ஒரே ஒரு ஸ்கேனைப் பார்த்து அழ வேண்டாம், ஒரே ஒரு ஸ்கேனைப் பார்த்து நிம்மதியாகவும் இருந்துவிட வேண்டாம். இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரண்டு ஸ்கேன்களை அருகருகே வைத்தால்தான் குழந்தை எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

எங்கள் வீட்டில் எல்லோருமே ஒல்லி. நம் ஊர்க் குழந்தைகள் சிறியவைதானே?

இந்தச் சமாதானம்தான் எனக்கு மிகவும் பயம் தருவது. எட்டு நாடுகளில் நல்ல உணவும் உடல்நலமும் உள்ள கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து இன்டர்குரோத் 21 என்ற பெரிய ஆய்வை நடத்தினார்கள். முடிவுகள் 2014இல் வெளிவந்தன. இந்தியாவிலிருந்து நாக்பூர் அதில் இருந்தது. தாய்மார் நலமாக இருந்தால் நாடு எதுவானாலும் வயிற்றுக்குள் குழந்தைகள் ஏறக்குறைய ஒரே போலத்தான் வளர்கின்றன என்று கண்டார்கள். தாயின் உயரம் சிறிது வேறுபாட்டைத் தரும், உண்மைதான். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, எடை பதிவான இந்தியக் குழந்தைகளில் ஏறத்தாழ 18 சதவீதம் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவு. இத்தனை பேரையும் "நம் ஊர் வாகு" என்று ஒதுக்கிவிட முடியாது.

நான் ஏதாவது தவறு செய்தேனா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத தாயே கிடையாது. பெரும்பாலும் மாமியாரோ பக்கத்துப் படுக்கைக்காரரோ "சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாள்" என்று சொல்லிவிட்டுப் போன பிறகு கேட்பார்கள்.

பல நேரங்களில் காரணம் நஞ்சில் இருக்கிறது. தாயிடமிருந்து குழந்தைக்கு உணவும் ஆக்சிஜனும் கடத்தும் உறுப்பைத்தான் (நஞ்சுக்கொடி என்பார்கள்) நஞ்சு என்கிறேன். கர்ப்பத்தின் முதல் பாதியில் நஞ்சின் செல்கள் கருப்பையின் ரத்தக்குழாய்களுக்குள் புகுந்து அவற்றை அகலப்படுத்த வேண்டும். ஒற்றையடிப் பாதையை வண்டிப் பாதையாக்குவது போன்ற வேலை அது. ஏறத்தாழ 20ஆவது வாரத்துக்குள் அது ஒழுங்காக நடக்காவிட்டால், பிறகு நீங்கள் எவ்வளவு சாப்பிட்டாலும் குழந்தைக்குப் போய்ச் சேருவது குறைவுதான். பிரசவத்துக்குப் பிறகு தட்டில் விழும் நஞ்சை நான் எப்போதும் பார்ப்பேன். நிறைமாதக் குழந்தையின் நஞ்சு ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும்; கருஞ்சிவப்பாக, பஞ்சு போல அமுங்கும். வளர்ச்சி தடைபட்ட குழந்தையின் நஞ்சு பலமுறை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விரலால் தடவினால் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெளிறிய கட்டிகள் தட்டுப்படும். ரத்தம் ஓடாமல் செத்துப்போன பகுதிகள் அவை. தன்னைக் குற்றவாளியாக எண்ணி அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்லியிருக்கிறேன்.

இதே பாதையைக் கெடுக்கும் நோய்கள் உண்டு: கர்ப்பகால ரத்த அழுத்தம், சிறுநீரக நோய், லூபஸ் போன்றவை. கடுமையான ரத்தசோகை, ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டைக் குழந்தைகள், சைட்டோமெகலோ அல்லது ரூபெல்லா கிருமி, குரோமோசோம் கோளாறு ஆகியவையும் காரணமாகலாம். புகையிலை, வெற்றிலையோடு போடும் புகையிலை உட்பட, நேரடிக் குற்றவாளி.

நம் வேலையும் அடுப்பும் கூடக் கணக்கில் வரும். தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, காற்றில் நுண்துகள் கூடக் கூடப் பிறப்பு எடை குறைவதைக் காட்டியது. கடும் வெயிலில் வேலை செய்யும் கர்ப்பிணிகளைப் பற்றி ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார் 800 பெண்களிடம் நடத்திய ஆய்வில், கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் கிட்டத்தட்ட இருமடங்கு என்று தெரியவந்தது. செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் ஏழாம் மாதம் வரை நிற்கும் பெண்ணைப் பார்த்து "நீ என்ன தவறு செய்தாய்" என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

ஒன்றை மட்டும் வீட்டாருக்குச் சொல்கிறேன். "நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகிவிடும்" என்று கடைசி மாதங்களில் சாப்பாட்டைக் குறைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதை நிறுத்துங்கள்.

கிராமத்தில் இருக்கிறோம். ஸ்கேனுக்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், ஒரு தையல்காரர் டேப் போதும். 24ஆவது வாரத்துக்குப் பிறகு, அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை அளந்தால் எத்தனை சென்டிமீட்டரோ ஏறக்குறைய அத்தனை வாரம். மூன்று சென்டிமீட்டர் பின்தங்கினால் ஸ்கேன் தேவை. கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொரு முறையும் அளந்து, தாய்சேய் நல அட்டையில் எழுதுகிறாரா என்று பாருங்கள். எழுதாவிட்டால் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

இந்தக் கணக்கெல்லாம் தேதி சரியாக இருந்தால்தான் நிற்கும். 12 வாரத்துக்குள் எடுத்த முதல் ஸ்கேன்தான் வாரக் கணக்குக்கு அடித்தளம். அது இல்லாமல் எட்டாம் மாதம் வந்து நிற்கும் பெண்ணிடம், குழந்தை சிறியதா அல்லது தேதி தவறா என்று சொல்ல யாராலும் முடியாது. பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண்ணுக்காகச் சீக்கிரம் பதியச் சொல்கிறார்களே, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கு மட்டும் அல்ல, இதற்காகவும்தான் அது வேண்டும்.

படுத்தே இருந்தால், புரதப் பவுடர் குடித்தால், டிரிப் ஏற்றினால் குழந்தை வளருமா?

நேராகச் சொல்கிறேன்: நஞ்சின் கோளாறை வயிற்றுக்குள்ளேயே சரிசெய்யும் மருந்து இன்றுவரை இல்லை.

முழுநேரப் படுக்கை ஓய்வால் குழந்தை வளர்வதாக ஆதாரம் இல்லை. காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடுகிறது. கனமான வேலையையும் வெயிலையும் தவிர்ப்பது வேறு விஷயம், அதைக் கட்டாயம் செய்யுங்கள். அமினோ அமில டிரிப் ஏற்றுவதும், வீட்டுக் கணக்கை உலுக்கும் விலையில் சத்துப் பொட்டலங்கள் எழுதிக் கொடுப்பதும் நம் ஊரில் பரவலாக நடக்கின்றன. அவற்றால் குழந்தைகள் பிழைத்தன என்று உறுதியாகக் காட்டும் சான்று கிடையாது. நகையை அடகு வைத்து டிரிப் ஏற்றிவிட்டு, குழந்தைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்குப் பணம் இல்லாமல் வந்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

ரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்று நம்பி சில்டெனாஃபில் மாத்திரையைச் சோதித்தார்கள். நெதர்லாந்தில் நடந்த அந்தச் சோதனையில் மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு நுரையீரல் பாதிப்பு வந்து 11 குழந்தைகள் இறந்ததால், 2018 ஜூலையில் பாதியில் நிறுத்தினார்கள். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதால் சொல்கிறேன். கடையில் கேட்டு எந்த மாத்திரையையும் வாங்கிப் போடாதீர்கள்.

பயன்படுவது எது என்றால், தாய் உண்மையிலேயே மெலிந்தவராக இருந்தால் பருப்பும் முட்டையும் பாலும் சேர்ந்த சமச்சீர் உணவு, ரத்தசோகைக்கு இரும்புச்சத்து, அழுத்தத்துக்கு மருந்து, புகையிலையை விடுவது. பிறகு மிக முக்கியமாக, விடாத கண்காணிப்பு.

டாப்ளரில் "ரத்த ஓட்டம் நின்றுவிட்டது" என்கிறார்கள். குழந்தை இறந்துவிட்டதா?

இல்லை. இந்த ஒரு சொல் எத்தனை பேரை மயங்கி விழ வைத்திருக்கிறது!

குழந்தையின் இதயம் துடிக்கும்போது தொப்புள்கொடி வழியாக ரத்தம் நஞ்சுக்குப் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே உள்ள ஓய்விலும் அது முன்னோக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நஞ்சு இறுகிவிட்டால் அந்த இடைவெளியில் ஓட்டம் குறையும். இன்னும் மோசமானால் இடைவெளியில் மட்டும் நின்றுபோகும். அதற்கும் அடுத்த கட்டம், இடைவெளியில் ரத்தம் பின்னோக்கி வருவது. "நின்றுவிட்டது" என்று அவர்கள் சொல்வது அந்தக் கண நேர இடைவெளியைத்தான்.

வருவது குறைந்தால் குழந்தை என்ன செய்யும் தெரியுமா? மூளைக்குப் போகும் குழாயை விரித்து, கிடைப்பதில் பெரும்பங்கை அங்கே அனுப்பும். ஈரல், குடல், தசை எல்லாம் பட்டினி கிடக்கும். இதனால்தான் ஸ்கேனில் தலை அளவு சரியாகவும் வயிற்றுச் சுற்றளவு மட்டும் சிறியதாகவும் வருகிறது. சிறுநீர் குறைவதால் பனிக்குட நீரும் குறையும். கடைசியாக, இதயத்துக்குத் திரும்பும் சிரையின் அலையும் மாறினால் குழந்தையின் இதயமே களைத்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் காத்திருக்க மாட்டார்கள்.

அசைவை எப்படிக் கணக்கு வைப்பது?

எண்ணிக்கையைவிட உங்கள் குழந்தையின் வழக்கம் முக்கியம். சாப்பிட்ட பிறகு இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு இல்லையென்றாலோ, எண்ணாமலே "இன்று ஏதோ குறைவு" என்று மனதுக்குப் பட்டாலோ, அன்றே போங்கள். சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எந்த வாரத்தில் குழந்தையை வெளியே எடுப்பார்கள்?

உள்ளே விட்டால் வயிற்றிலேயே இறக்கலாம். வெளியே எடுத்தால் குறைமாதத்தால் இறக்கலாம். இந்தத் தராசைப் பிடிப்பதுதான் மகப்பேறு மருத்துவரின் வேலையிலேயே கடினமானது. சந்தேகம் வந்தால் உடனே எடுப்பதா, சற்றுப் பொறுப்பதா என்று கிரிட் என்ற பன்னாட்டு ஆய்வில் ஒப்பிட்டார்கள். உடனே எடுத்தபோது வயிற்றில் இறப்பது குறைந்தது. பிறந்தபின் இறப்பது கூடியது. மொத்தக் கணக்கு ஏறக்குறைய சமமாக நின்றது. ஆகவே மருத்துவர் ஒரு நாள் பொறுக்கச் சொன்னால் அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்று பொதுவாகப் பின்பற்றும் வழி இது. டாப்ளர் நன்றாக இருந்தால் 37 வாரத்தை ஒட்டி. இடைவெளியில் ஓட்டம் நின்றிருந்தால் 32 முதல் 34. பின்னோக்கி வந்தால் 30 முதல் 32. இதயத்துக்குத் திரும்பும் சிரையில் கோளாறு என்றால் அதற்கும் முன்பே. தாயின் ரத்த அழுத்தம் எகிறினால் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

எடுப்பதற்கு முன், குழந்தையின் நுரையீரலை முதிர வைக்கும் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்களா என்று கேளுங்கள். நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹவி என்ற இருவர் 1972இல் இதன் பயனைக் காட்டினார்கள். டெக்ஸாமெத்தசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. விலை மிகக் குறைவு. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடத்தி 2020இல் முடிவை வெளியிட்ட சோதனையிலும் பச்சிளம் குழந்தை இறப்பு குறைந்தது. 32 வாரத்துக்கு முன் என்றால் மூளையைக் காக்க மக்னீசியம் சல்ஃபேட்டும் கொடுப்பார்கள்.

அடுத்தது, பிறக்கும் இடம். பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே குழந்தை போய்விட வேண்டும். ஆம்புலன்ஸ் இன்குபேட்டரைவிட அம்மாவின் வயிறு பலமடங்கு பாதுகாப்பான வண்டி. சின்ன மருத்துவமனையில் 1,100 கிராமில் பிறந்து, டிசம்பர் இரவில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து எங்களிடம் வந்த குழந்தையின் உடல் வெப்பம் 33 டிகிரி. நோயைப் பார்ப்பதற்கு முன் குளிரோடு போராடினோம்.

சிசேரியன் கட்டாயமா?

எல்லோருக்கும் இல்லை. டாப்ளர் நன்றாக இருந்து, வலியின்போது இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்க முடிந்தால் சுகப்பிரசவத்துக்கு முயல்வார்கள். ஓட்டம் நின்றிருந்தால் குழந்தை வலியைத் தாங்காது, அப்போது அறுவைதான்.

எட்டாம் மாதக் குழந்தை தங்காது, ஏழாம் மாதக் குழந்தை தங்கும் என்கிறார்களே?

தவறு. பழைய கிரேக்க மருத்துவர்களிடமும் இதே நம்பிக்கை இருந்திருக்கிறது. அவ்வளவு பழையது, அவ்வளவு பிடிவாதமானது. உண்மையில் வயிற்றில் கூடும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் வரவுதான். 30 வாரக் குழந்தையைவிட 34 வாரக் குழந்தைக்கு வாய்ப்பு மிக அதிகம். இதை நான் வெறும் மூடநம்பிக்கை என்று விட்டுவிடாததற்குக் காரணம் உண்டு: "எட்டு மாதம் என்றால் எப்படியும் நிற்காது, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறோம்" என்று கையெழுத்துப் போட வந்த தாத்தாவைத் தடுத்து உட்கார வைத்திருக்கிறேன். 33 வாரத்தில் 1,350 கிராம் பிறந்த அந்தக் குழந்தை இருபத்தாறாம் நாள் வீட்டுக்குப் போனது.

ஒரு கிலோதான் இருக்கிறது. பிழைக்குமா?

எடையை மட்டும் சொன்னால் பதில் சொல்ல முடியாது. எத்தனை வாரம் என்று சொல்லுங்கள். 28 வாரத்தில் ஒரு கிலோ என்பது ஏறக்குறைய இயல்பான எடை, ஆனால் நுரையீரல் முதிரவில்லை. 33 வாரத்தில் ஒரு கிலோ என்பது கடுமையான பட்டினி, ஆனால் நுரையீரல் ஓரளவு தயார். இரண்டாவது குழந்தை பார்ப்பதற்கு மெலிந்த முதியவர் போல இருக்கும். நெற்றியில் சுருக்கம், தொடையில் தோல் மடிப்பு, அகல விழித்த கண்கள். ஆனால் அழும்; சில நாளில் உறிஞ்சவும் தொடங்கும். ஒரே வாரத்தில் பிறந்த இருவரில் வளர்ச்சி தடைபட்டவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்பதும் உண்மை.

உலகில் மிகச் சிறியவர்களாகப் பிறந்து வீடு திரும்பியவர்களில் சிலர் இந்த வளர்ச்சித் தடையால் வந்தவர்களே. டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழக மருத்துவமனையில் 2018இல் 24 வாரத்தில் 268 கிராம் எடையில் பிறந்த ஆண் குழந்தை வளர்ச்சி நின்றுபோனதால் எடுக்கப்பட்டவன். சிங்கப்பூரில் 2020இல் 25 வாரம்கூட நிறையாமல், 212 கிராமில் ஒரு பெண் குழந்தை பிறந்தாள். தாய்க்குக் கடும் ரத்த அழுத்தம். 13 மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள். இவை அபூர்வங்கள்; எல்லா ஊரிலும் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் 1,200, 1,500 கிராம் குழந்தைகள் நம் மாவட்ட மருத்துவமனைகளில் தினமும் பிழைக்கிறார்கள்.

முதல் மூன்று நாளில் என்ன ஆபத்து?

குளிர், சர்க்கரைக் குறைவு, தொற்று. சிலருக்கு ரத்தம் கெட்டியாகிவிடும், வயிற்றில் ஆக்சிஜன் குறைவாகக் கிடைத்ததால் உடல் கூடுதலாகச் சிவப்பணுக்களைச் செய்துவிடுவதன் விளைவு அது. குழந்தை செக்கச்செவேல் என்று இருப்பதை நிறம் என்று உறவினர்கள் மகிழ்வார்கள். நாங்கள் ரத்தப் பரிசோதனைக்கு ஓடுவோம்.

சர்க்கரைதான் சத்தம் போடாமல் வருவது. ஈரலில் சேமிப்பு இல்லாமல் பிறந்த குழந்தை இது. அதனால்தான் பிறந்த இரண்டு மணி நேரத்திலிருந்து குதிகாலில் குத்திக் குத்திப் பார்க்கிறோம். 45 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் உடனே பால், தேவைப்பட்டால் குளுக்கோஸ். அந்தக் குட்டிக் குதிகாலில் ஊசித் தழும்புகளைப் பார்த்து அம்மாக்கள் எங்கள்மேல் கோபப்படுவார்கள். படட்டும். கவனிக்காமல் விட்ட சர்க்கரைக் குறைவு மூளையில் விடும் தழும்பு ஆறாது.

குளிருக்கு ஒரு எளிய சோதனை. புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் நல்லது. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தை குளிரோடு போராடுகிறது. இரண்டும் சில்லென்றால் ஆபத்து.

"கங்காரு பராமரிப்பு" ஏழைகளுக்கான மாற்று ஏற்பாடா? இன்குபேட்டர் இல்லாததால் சொல்கிறார்களா?

தொடங்கியது அப்படித்தான். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-79இல் எட்கர் ரே, ஹெக்டர் மார்ட்டினெஸ் என்ற மருத்துவர்கள், இன்குபேட்டர் போதாமல் தாயின் மார்பிலேயே குழந்தைகளைக் கட்டிவைத்தார்கள். இன்று கதை மாறிவிட்டது. டெல்லி சஃப்தர்ஜங் உள்பட ஐந்து நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில், ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகும் வரை காத்திராமல் உடனே தாயின் மார்பில் சேர்த்துப் பார்த்தார்கள். 28 நாளுக்குள் இறந்தவர்கள் 100க்கு 12 பேர். வழக்கமான முறையில் 100க்கு ஏறக்குறைய 16. வேறுபாடு இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். முடிவு 2021இல் வெளிவந்தது.

செய்வது எளிது. டயப்பரும் தொப்பியும் சாக்ஸும் மட்டும் போட்டு, இரு மார்புக்கு நடுவே நிமிர்த்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கும் வாயும் திறந்திருக்கும்படி வைத்து, துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம். அப்பா செய்யலாம், பாட்டி செய்யலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் மகளுக்கு வலிப்பு வந்து வேறு வார்டில் கிடந்தபோது, ஓர் அம்மாச்சி தன் பழைய நூல் சேலையை இரண்டாகக் கிழித்து, 1,240 கிராம் பேரனை ஒன்பது நாள் மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்கவும் நாற்காலியில் சாய்ந்துதான். மானிட்டரில் அவனுடைய துடிப்பு ஏறி இறங்காமல் ஒரே சீராக ஓடுவதைக் காட்டிக் காட்டிப் புதிதாக வந்த தாய்மாருக்கு நான் பாடம் நடத்தினேன்.

பால் எப்படிக் கொடுப்பது?

முதல் சொட்டு சீம்பால் கட்டாயம் வேண்டும். உறிஞ்ச முடியாவிட்டால் கையால் பீய்ச்சி, குழாய் வழியாகவும் பிறகு பாலாடையிலும் கொடுக்கலாம். நம் பாட்டிகளின் பாலாடை பால்புட்டியைவிடச் சுத்தம். கழுவிக் கொதிக்க வைப்பது எளிது. சாய்த்து உதட்டோரம் வைத்தால் குழந்தை தானே நக்கிக் குடிக்கும். ஊற்றக் கூடாது.

தொப்புள்கொடியில் ஓட்டம் நின்றிருந்த குழந்தையின் குடல் பலவீனமானது, அழற்சி வரலாம். அதற்காகப் பல நாள் பட்டினி போட வேண்டியதில்லை. முதல் இரண்டு நாளுக்குள் சிறிது சிறிதாகத் தொடங்குவதால் குடல் அழற்சி கூடவில்லை என்று 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தாய்ப்பால் போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கியைக் கேளுங்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உட்பட அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் இருக்கிறது.

சேனை, சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், உரைமருந்து எதுவும் வேண்டாம். சங்கில் தொட்டு வைத்த ஒரு துளி கழுதைப்பாலுக்குப் பின் வயிற்றுப்போக்கோடு திரும்பி வந்த குழந்தைகள் என் நினைவில் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தபின் எதைக் கண்டால் ஓட வேண்டும்?

பால் குடிக்க மறுப்பது, துவண்டு போவது, மூச்சு வேகமாவது, மார்பு உள்வாங்குவது, மூச்சு நின்று நின்று வருவது, உடல் சில்லிடுவது அல்லது காய்வது, வலிப்பு, வயிறு உப்புவது, பாதம் வரை மஞ்சள். இவற்றில் ஒன்று போதும். இரவு இரண்டு மணியானாலும் 108ஐ அழையுங்கள். இரண்டு கிலோ வரும்வரை குளிப்பாட்ட வேண்டாம், துணியால் துடைத்தால் போதும். வழியில் குழந்தை மார்பில் கட்டியபடியே இருக்கட்டும்.

பெரிதானபின் சாதாரணமாக இருக்குமா?

பெரும்பாலானோர் இரண்டு வயதுக்குள் வளர்ச்சியில் மற்றவர்களை எட்டிப்பிடிக்கிறார்கள். சிலருக்குப் பேச்சிலும் படிப்பிலும் கவனத்திலும் உதவி வேண்டியிருக்கும். 34 வாரத்துக்கு முன்போ இரண்டு கிலோவுக்குக் கீழோ பிறந்திருந்தால், 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். தாமதித்தால் பார்வை போய்விடும், திரும்பாது. காது கேட்கிறதா என்றும் பாருங்கள். மாவட்ட மருத்துவமனைகளில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இவை இலவசம்.

இன்னொன்று, பலர் எதிர்பாராதது. சிறியதாகப் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோயும் சர்க்கரையும் அதிகம் என்று பிரிட்டனின் டேவிட் பார்க்கர் பழைய பிறப்புப் பதிவேடுகளிலிருந்து காட்டினார். நம் குழந்தைகள் எடை குறைவாக இருந்தும் உடலில் கொழுப்பு விகிதம் கூடுதலாகப் பிறப்பதைப் புனேயில் யாஜ்னிக் குழுவினர் கண்டார்கள். ஆகவே கொழுகொழுவென்று ஆக்கிக் காட்ட வேண்டும் என்று டின் பாலும் பிஸ்கட்டும் திணிக்காதீர்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், மருத்துவர் சொல்லும் இரும்பு, வைட்டமின் டி சொட்டு மருந்துகள், தடுப்பூசிகள். இவை போதும்.

குழந்தையை இழந்துவிட்டோம். இனி என்ன கேட்க?

முதலில், முகத்தைப் பார்க்க விரும்பினால் பாருங்கள், தூக்க விரும்பினால் தூக்குங்கள். "பார்த்தால் மறக்க முடியாது" என்று விலக்கிவிடுவார்கள். பார்க்காதவர்களும் மறப்பதில்லை. நஞ்சைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கணவரோ அம்மாவோ கேட்கட்டும். பால் சுரக்கும், அது கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வெட்கம் வேண்டாம்.

அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆகுமா?

வாய்ப்பு கூடுதல்தான், ஆனால் கட்டாயம் இல்லை. கொஞ்சம் இடைவெளி விடுங்கள், ரத்தசோகையையும் ரத்த அழுத்தத்தையும் சரிசெய்துகொள்ளுங்கள். ஆபத்து உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்கு முன்பே தொடங்குவார்கள். ஆஸ்ப்ரே என்ற ஆய்வில் 150 மில்லிகிராம் மாத்திரையை இரவில் எடுத்த பெண்களுக்கு, 37 வாரத்துக்கு முன் வரும் ரத்த அழுத்த நோய் 62 சதவீதம் குறைந்தது. முடிவு வந்தது 2017இல். அந்த அழுத்தத்தோடு வரும் வளர்ச்சித் தடைக்குத்தான் பயன் அதிகம். ஐந்தாம் மாதம் தொடங்கினால் பலன் குறைந்துவிடும்.

அதனால் பழைய டிஸ்சார்ஜ் தாளையும் டாப்ளர் தாள்களையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பெண் நான்கு ஆண்டு கழித்து, பத்தாவது வாரத்திலேயே, பாலிதீன் பையில் சுற்றி, மடிப்பில் கிழிந்துபோன அந்தத் தாள்களோடு வந்தார். முதல் குழந்தை பிறந்த வாரம், எடை, கொடியின் ஓட்டம் எல்லாம் அதில் இருந்தன. மருத்துவர் இரண்டு முறை படித்துவிட்டு, ஆஸ்பிரின் தொடங்க வேண்டிய வாரத்தையும் அடுத்த டாப்ளர் நாளையும் அந்தத் தாளின் ஓரத்திலேயே எழுதிக் கொடுத்தார்.